எக்ஸ்ரே மிஸ்ஸி எடுக்கும் படம்

"மூச்ச இழுங்க... இன்னும் இழுங்க... புடிங்க. அசையாதீங்க."

சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருப்பவர் நெஞ்சைப் புடைத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி விறைத்துப் போகிறார். இப்போதுதான் ஆட்டம் முடிந்து திடலிலிருந்து ஓடி வந்தவர். நெற்றியில் வேர்வை வழிகிறது, முழங்காலில் சேறு. கேமராவுக்குப் பின்னால் கிருஷ்ணம்மா மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார். பத்து வந்ததும் "ஆங், விடுங்க" என்கிறார். அந்த மனிதரின் தோள் இறங்குகிறது. தாடை தளர்கிறது. எத்தனையோ நாளாக எங்கேயோ போயிருந்த அவருடைய சொந்த முகம் வீடு திரும்புகிறது. அப்போது விழுகிறது க்ளிக்.

"அவ்ளோதான். அடுத்த ஆளு வாங்க."

சிரிக்கச் சொல்ல மாட்டார். தலையைச் சாய்க்கச் சொல்ல மாட்டார். முகவாயைத் தொட்டுத் திருப்ப வேண்டியிருந்தால் மட்டும் தம் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் தொடுவார். பண்டார் தெங்காரா ஊரின் ஐந்து மணி வெயிலில் கை எதற்குச் சூடாக வேண்டும் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியின் குளிர்சாதன அறையில் எக்ஸ்ரே எடுத்தவர் அவர். சில்லென்ற கை பட்டால் நோயாளி துள்ளுவார், படம் கலங்கும். ஆஸ்பத்திரியை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கி வரைக்கும் அவரை எல்லாரும் 'எக்ஸ்ரே மிஸ்ஸி' என்றுதான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் யாரானாலும் இந்தப் பக்கத்தில் மிஸ்ஸிதான். இந்த அம்மாவைத்தான் இன்று காற்பந்துக் குழுக்கள் தேதி கேட்டுக் காத்திருந்து கூப்பிடுகின்றன. போன மாதம் மெர்சிங்கில் ஒரு கடற்கரைப் போட்டிக்கு அழைத்து, தங்குவதற்கு அறையும் போட்டுக்கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவர்களில் முதல் ஆள் யாரென்றால், அவரைத் தாலி கட்டிக் கூட்டிவந்த கனகராஜ்தான். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்து நான்கு வயது. இப்போது அவருடைய உத்தியோகம் மைவி கார் ஓட்டுவது, முக்காலி தூக்குவது, குடை பிடிப்பது, பிளாஸ்கிலிருந்து தே-ஓ என்கிற பாலில்லாத தேநீர் ஊற்றிக் கொடுப்பது. "முப்பத்தஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருக்கேன், சார். இந்தம்மாவுக்குள்ள இப்படி ஒரு அம்மா இருக்கிறது எனக்கே தெரியாது" என்று யார் கிடைத்தாலும் சொல்லுவார்.

கேமரா வந்த கதை சாதாரணமானது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஷாமளா, அம்மா ஓய்வு பெற்ற அன்று வாங்கித் தந்தாள். "அம்மா சும்மா ஒக்காந்திருந்தா அப்பாவ நிக்க வெச்சு எக்ஸ்ரே எடுத்துருவாங்க, அதான்" என்றாள். கேமரா தொழிலான கதைதான் சந்தி சிரித்த கதை.

சொந்தக்காரப் பெண் லோஷினியின் கல்யாணம், கூலாயில் ஒரு மண்டபம். மிஸ்ஸிதான் படமெடுக்கிறார் என்று பேச்சு. முகூர்த்தம் முடிந்து மணப்பெண்ணைத் தனியாக எடுக்க வேண்டிய நேரம். மேடையில் வீடியோக்காரர் வைத்த மைக் அணைக்கப்படாமல் கிடந்தது. கிருஷ்ணம்மா கேமராவைச் சரிசெய்துகொண்டே, கண்ணை எடுக்காமல், முப்பத்து மூன்று வருஷமாக எக்ஸ்ரேக்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டே தீர வேண்டியிருந்த கேள்வியை, வாய் பழகிய வாக்கில் கேட்டுவிட்டார்:

"மாசமா இருக்கீங்களாம்மா? கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

மண்டபம் முழுக்க ஒலிபெருக்கி அதைச் சொன்னது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடி அப்படியே நின்றார். மாப்பிள்ளையின் அம்மா லோஷினியைப் பார்த்தார், பிறகு லோஷினியின் அம்மாவைப் பார்த்தார். அத்தோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. வாய் நின்றால்தானே? "சங்கிலி, தோடு எல்லாத்தையும் கழட்டி இந்தத் தட்டுல வெச்சிருங்க" என்று அடுத்த வரியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார் கிருஷ்ணம்மா. கட்டி அரை மணி நேரம்கூட ஆகாத தாலி!

கனகராஜ் அன்று காரை எப்படி எடுத்தார், எந்த வழியாக வீடு வந்தார் என்பது அவருக்கு இன்றும் ஞாபகமில்லை. போதாக்குறைக்கு, எடுத்த படங்களும் பாழ். மூச்சைப் பிடிக்கச் சொல்லி, பிடித்திருக்கும்போதே எடுத்திருந்தார். எக்ஸ்ரேக்கு அதுதான் முறை. கல்யாண ஆல்பத்தில் சொந்தபந்தம் மொத்தமும் குளத்தில் முங்கி எழுந்தவர்கள் மாதிரி கன்னம் உப்பி நின்றார்கள். ஒரே ஒரு படம் மட்டும், விரல் பிந்தியதால், மூச்சை விட்ட பிறகு விழுந்திருந்தது. லோஷினியின் அப்பா. மகளை அனுப்பப் போகிற மனிதரின் முகம் அதில் அப்படியே இருந்தது. கிருஷ்ணம்மா அந்தப் படத்தை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். தம் தொழிலின் இரகசியம் அவருக்குக் கிடைத்தது அந்தத் தவறிய விரலில்தான்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கல்யாணம், காதுகுத்து எதற்கும் யாரும் கூப்பிடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "பொம்பளைங்க இல்லாத எடமாப் போவோம். அங்க வாய் தவறுனாலும் பாதகமில்ல" என்று கிருஷ்ணம்மா காற்பந்துத் திடலுக்குக் கிளம்பினார்.

பண்டார் தெங்காராத் திடலைச் சுற்றி நாலு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் ஆட்டம் நடக்கும். பந்தைவிட வயிறு முன்னால் ஓடும் ஆட்டம். அங்கேதான் கனகராஜ் தம் மனைவியின் வித்தையை முதன்முதலாகக் கண்டார். எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கிருஷ்ணம்மாவுடைய கேமராவின் நீளக் குழல் பந்தே இல்லாத பக்கம் திரும்பியிருக்கும். "இங்க ஒண்ணுமில்லையே" என்று கனகராஜ் வாயெடுப்பதற்குள் பந்து அங்கே வந்து விழும். ஒருவர் எம்பித் தலையால் முட்டுவார். க்ளிக் அதற்குள் முடிந்திருக்கும்.

"எப்படி கிருஷ்ணா?"

"பந்தப் பாக்காதீங்க. இடுப்பப் பாருங்க. பந்து ஏமாத்தும். இடுப்பெலும்பு திரும்பிருச்சுன்னா காலு அந்தப் பக்கந்தான் போயாகணும், வேற வழியில்ல. முப்பத்து மூணு வருசம் எலும்புதானே பாத்தேன்."

கனகராஜும் இடுப்பைப் பார்த்தார். சட்டைக்குள் தொந்திதான் தெரிந்தது. அவருடைய மனைவிக்கு மட்டும், சதை, சட்டை, சேறு எல்லாவற்றையும் தாண்டி, திடல் முழுக்க எலும்புகள் ஓடிக்கொண்டிருந்தன போலும். அடேயப்பா என்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

'சிறுத்தைகள்' குழுவின் கோல்கீப்பர் மகேஸ்வரன். நாற்பத்தேழு வயது, தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். அவருடைய படம் ஒன்று உண்டு. தரையிலிருந்து நாலடி உயரத்தில் மனிதர் படுக்கை போட்ட மாதிரி காற்றில் கிடக்கிறார். விரல் நுனியில் பந்து. பின்னால் செம்பனை வரிசை. படத்தைப் பார்த்ததும், "அலமாக்! நானா மிஸ்ஸி இது? எனக்கு இவ்ளோ பறக்கத் தெரியுமா?" என்று கேட்டார். மறுவாரம் அந்தப் படம் அவருடைய பஸ்ஸில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் ஒட்டப்பட்டிருந்தது.

கிருஷ்ணம்மாவிடம் இன்னொரு முகம் உண்டு. அதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எக்ஸ்ரே அறையில் படம் திரையில் வந்ததும் முதலில் பார்ப்பது அவர்தான். நுரையீரலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது டாக்டருக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்லக்கூடாது, அது சட்டம். "டாக்டர் சொல்வாரு" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். குரலில் மட்டுமென்ன, புருவத்தில்கூட எதுவும் தெரியக்கூடாது. ஒருமுறை கனகராஜுக்கே இருமலுக்காகப் படம் எடுத்தபோது, மனைவியின் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தட்டு முகத்தை அவர் மறுபடியும் பார்த்தது போன வருஷம், ஒரு ஞாயிறு மாலை, தம் வீட்டுச் சமையலறையில்.

அன்றைய ஆட்டத்தில் சிறுத்தைகளுக்கு எதிராக ஒரு பெனால்ட்டி. அடிக்க வந்தவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு நேரம் கடத்தினார். மகேஸ்வரன் கையை விரித்துக்கொண்டு கோல் வாசலில் காத்து நின்றார். எந்த நொடியில் பாய்வாரோ என்று கிருஷ்ணம்மா பொத்தானை அழுத்தியபடியே இருந்ததில், சும்மா நிற்கிற மகேஸ்வரனே அறுபது படம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, வேண்டாததை அழிக்கலாமென்று மடிக்கணினியில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்தினார். முதலிலிருந்து மறுபடியும் தட்டினார். பிறகு விரலை எடுக்காமல் வேகமாக ஓடவிட்டார். அறுபது படமும் சேர்ந்து உயிர்பெற்று அசைந்தன.

எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கனகராஜ் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம்.

"என்ன கிருஷ்ணா?"

"சட்டையில இருக்கிற எழுத்தப் பாருங்க."

மகேஸ்வரன் நெஞ்சில் 'சிறுத்தைகள்' என்று பெரிதாக எழுதியிருந்தது. கனகராஜ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். படங்கள் ஓடின. மகேஸ்வரன் மூச்சு வாங்குகிறார். எழுத்துகள் ஏறி இறங்குகின்றன. அவ்வளவுதானே? கிருஷ்ணம்மா மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை கனகராஜ் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். முன்பாதி எழுத்துகள்தான் ஏறி இறங்கின. இடது நெஞ்சின் மேலிருந்த பின்பாதி, சுவரில் எழுதிய மாதிரி, இருந்த இடத்திலேயே இருந்தது.

"எடது பக்கம் நுரையீரல் வேலையே செய்யல" என்றார் கிருஷ்ணம்மா. "தண்ணி கோத்திருக்கலாம். வேற என்னவாச்சும்கூட இருக்கலாம். ஒத்த நுரையீரல வெச்சுக்கிட்டுத்தான் மனுசன் பறந்துக்கிட்டிருக்கார்."

கனகராஜ் போனைத் தேடி எழுந்தார். "அப்ப சொல்லிருலா, போன் போட்டு!"

கிருஷ்ணம்மா அசையவில்லை. "நான் யாருக்கும் சொன்னதில்லங்க. ஒருநாளும் சொன்னதில்ல." பிறகு தாமாகவே சொன்னார். "ஒருத்தரு. எஸ்டேட்டு ஆளு. படத்தப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. 'என்ன மிஸ்ஸி, நல்லாருக்கா?'ன்னு கேட்டாரு. டாக்டர் சொல்வாருன்னேன். வேலைய விட்டுட்டு ரிப்போர்ட் வாங்க அவரு வரவேயில்ல. மூணு மாசம் கழிச்சு ஸ்ட்ரெச்சர்ல வந்தாரு. அன்னைக்கி வாயத் தெறந்திருந்தா..." கணவரிடம்கூட அந்த மனிதரைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாலை சிறுத்தைகளுக்குப் பயிற்சி. அடுத்த ஞாயிறு அரையிறுதி. கிருஷ்ணம்மா முக்காலியோடு போய் இறங்கினார். மகேஸ்வரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேனருக்குப் படம் எடுக்கிறார் என்று எண்ணி அவரும் தலைமுடியைக் கோதிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூச்ச இழுங்க. புடிங்க. அசையாதீங்க."

நான்கில் உதடு நடுங்கியது. ஆறு எண்ணுவதற்குள் இருமல் பிடுங்கிக்கொண்டது. கிருஷ்ணம்மா கேமராவை இறக்கினார்.

"மகேஸ், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒங்க எடது நுரையீரல்ல என்னமோ இருக்கு."

மகேஸ்வரன் சிரித்தார். "என்ன மிஸ்ஸி, கேமராவுக்குள்ள எக்ஸ்ரே வெச்சிருக்கீங்களா? சும்மா சளிலா. சண்டே செமி இருக்கு. அத முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்."

"செமி இருக்கட்டும். நீங்க இருக்கணும்ல?"

சிரிப்பு போய்விட்டது. "மிஸ்ஸி, சீக்காளின்னு பேராச்சுன்னா பஸ்ஸ வேற ஆளுகிட்ட குடுத்துருவாங்க. படம் புடிக்க வந்தா படம் புடிச்சிட்டுப் போங்க" என்றார். குரல் தடித்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கனகராஜுக்கு அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்து காது சுட்டது. மறுபடியும் வாய் தவறிவிட்டதா? போய்விடலாம் என்று முக்காலியை எடுக்கக் குனிந்தார்.

கிருஷ்ணம்மா நகரவில்லை. கேமராவின் பின்பக்கத் திரையை மகேஸ்வரனின் மூக்குக்கு முன்னால் நீட்டி, கட்டைவிரலால் அறுபது படத்தையும் ஓடவிட்டார். எழுத்துகளைச் சுட்டிக் காட்டினார். ஒருமுறை. இரண்டுமுறை.

மூன்றாவது முறை மகேஸ்வரன் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை வலது நெஞ்சில் வைத்து மூச்சிழுத்தார். பிறகு இடது நெஞ்சில் வைத்து இழுத்தார். அங்கேயே வெகு நேரம் கையை வைத்திருந்தார்.

"சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குது, மிஸ்ஸி" என்றார் மெதுவாக. "ஒரு மாசமா. வயசாயிருச்சுன்னு நெனச்சேன்."

"காலைல எட்டு மணிக்கு ஒங்க வீட்டு வாசல்ல கார் நிக்கும்" என்றது கனகராஜின் குரல். யாரும் கேட்காமலே அது வெளியே வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தது வேறொரு மிஸ்ஸி. கிருஷ்ணம்மா, வாழ்க்கையில் முதன்முறையாக, அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து "தாரிக் நாஃபாஸ்... தாஹான்..." என்று மலாயில் குரல் கேட்டது. மூச்சை இழுங்க, பிடிங்க. கிருஷ்ணம்மாவின் உதடுகளும் சத்தமில்லாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. கனகராஜ் மனைவியின் கையைப் பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

காச நோய். இடது நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்து, அதை அமுக்கி வைத்திருந்தது. ஊசி போட்டு எடுத்தபோது ஒன்றரை லிட்டர் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள் தப்பக்கூடாது. பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். ஆனால் முருகனையும் பக்கத்திலிருந்த படத்தையும் யாரும் கிழிக்கவில்லை. தொற்றுப் பயமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் இரண்டாம் மாதமே பஸ் திரும்பக் கைக்கு வந்தது. அரையிறுதியில் சிறுத்தைகள் தடித்த ஆள் ஒருவரை கோல் வாசலில் நிறுத்தி, நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். அதில் ஒருவருக்கும் வருத்தமில்லை.

செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. இப்போது திடலில் கிருஷ்ணம்மா கேமராவைத் திருப்பினால் சில பேர் நெஞ்சை மறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். "மிஸ்ஸி, எனக்கு எல்லாம் ஓகேவா, பாத்து சொல்லுங்க" என்று தேடி வருகிறவர்களும் உண்டு. "நான் டாக்டர் இல்லப்பா. ஏதோ ஒருதரம் கண்ணுல பட்டுச்சு" என்று விரட்டிவிடுவார். லோஷினி போன மாதம் தன் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு அவரைத்தான் படமெடுக்க அழைத்திருந்தாள். மாமியாரே முன்னால் வந்து, "மிஸ்ஸி, எங்கிட்ட அந்தக் கேள்வி வேணாம்" என்று கும்பிட, வீடே குலுங்கிச் சிரித்தது.

போன ஞாயிறு, ஏழு மாதத்துக்குப் பிறகு, மகேஸ்வரன் திடலுக்கு வந்தார். பழைய சட்டை தொளதொளவென்று தொங்கியது. விளையாட இன்னும் நாளாகும். மிஸ்ஸியைப் பார்க்கத்தான் வந்திருந்தார். நேராக வந்து, சொல்லாமலே, சிவப்பு முக்காலியில் உட்கார்ந்தார்.

"எடுங்க மிஸ்ஸி."

கிருஷ்ணம்மா கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினார். அதுவரை யாரையும் தொடவிடாத அந்தப் பொருளைக் கணவர் கையில் கொடுத்தார். உள்ளங்கைகள் இரண்டையும் தேய்த்தார், வழக்கத்தைவிட அதிக நேரம். பிறகு வலது கையை எடுத்து, சட்டையின் பின்பாதி எழுத்துகளின் மேல் வைத்தார்.

"இழுங்க."

மகேஸ்வரன் இழுத்தார். கை எழும்பியது.

"புடிங்க."

பத்து. பதினைந்து. பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இருபது. இருபத்தைந்து. கிருஷ்ணம்மா 'விடுங்க' என்ற அந்த மூன்றாவது வார்த்தையைச் சொல்லவே இல்லை. கடைசியில் மகேஸ்வரனே மூச்சை விட்டு, சிரித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தார். கை நெஞ்சின் மேலேயே இருந்தது. கிருஷ்ணம்மாவின் தோள்கள் ஏறியது ஏறியபடி நின்றிருந்தன.

"மிஸ்ஸி" என்றார் மகேஸ்வரன். "நீங்க விடுங்க."

கிருஷ்ணம்மா விட்டார். தோள் இறங்கியது, தாடை தளர்ந்தது. கனகராஜ், கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடச் சரியாகத் தெரியாத கனகராஜ், பொத்தானை அழுத்தினார்.